சகரம் இல்லாத கையெழுத்து

வலைக்கடைத் தெருவில் பெயர்ப் பலகைகள் பெண்களுடையவை, கையெழுத்துகள் ஆண்களுடையவை. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததுமில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக் காற்று இரும்பு ஷட்டர்களைப் பொருக்குப் பொருக்காகத் தின்றுகொண்டிருக்கும் அந்தக் குறுகிய தெருவில், ‘பேச்சிச்செல்வி தார்ப்பாய் ஸ்டோர்’, ‘செல்லத்தாய் மரைன் ஏஜென்சி’, ‘அருணாசலவடிவு வலை மற்றும் கயிறு’ என்று பலகைகள் வரிசையாகத் தொங்கும். பெண்கள் பெயரில் தொழில் தொடங்கினால் வங்கியில் வட்டி குறைவு என்பது ஒரு காரணம். ஆண்களின் பெயர்கள் பழைய கூட்டு வியாபாரங்களிலும் பங்காளி வழக்குகளிலும் அடிபட்டு மங்கிப்போயிருந்தன என்பது யாரும் உரக்கச் சொல்லாத காரணம். செக் எழுதும் நேரம் வந்தால் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தம் மனைவியின் பெயரைத் தாமே எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பார். வங்கிக்காரர்களுக்கு இது தெரியும். சரக்கு அனுப்பும் மதுரைக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதைத்தான் அந்தத் தெரு நாணயம் என்று அழைத்துவந்தது.

அருணாசலவடிவை எல்லோரும் வடிவு என்றே கூப்பிட்டார்கள். முழுப் பெயர் பலகைக்கும் வங்கிக்கும் மட்டும். கடையில் அவள் பாடு கயிறு வெட்டுவது. சுருளிலிருந்து இழுத்துத் தராசில் போட்டு, முள் நின்றதும் கத்தியால் அறுத்து, அறுத்த முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி விரலால் உருட்டிவிடுவாள். உருட்டாவிட்டால் நைலான் இழைகள் நடுக்கடலில் பிரிந்துகொள்ளும். சூட்டோடு உருட்டி உருட்டி அவளுடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ரேகையழிந்து வழவழத்துப் போயிருந்தன. கொள்முதல், வங்கி, வரி எல்லாம் புருஷன் சுடலைக்கண்ணன் பார்த்துக்கொண்டார்.

அப்போது மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து, கடைக்குள் தொங்கிய வலைகளை ஊஞ்சல்போல் ஆட்டியது. விசைப்படகுகள் துறையில் தோளோடு தோள் உரசி நின்றன. கரையெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. தடை நீங்கும் நாளுக்குள் எல்லாப் படகுக்கும் கயிறும் மிதவையும் ஈயக்குண்டும் வேண்டும். வருஷ வியாபாரத்தில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். அதற்கான சரக்கை மதுரையிலிருந்து ஏற்றுவதற்காக, குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் வடிவின் கணக்கில் இருந்தது. அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

தொலைபேசி வந்தபோது அவள் ஆன்றோவுக்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஆன்றோ விசைப்படகுக்காரன், வருஷா வருஷம் இதே கடைக்கு வருகிறவன், வாய் ஓயாதவன்.

“என்னக்கா, இந்தச் சணல் மாதிரிக் கயித்த வச்சுக் கட்டுனா எம் படகே என்னயக் கேலி பண்ணும். தடிச்ச கயிறு எப்பந்தான் வரும்?”

“மதுரையில லாரி ஏத்தப் போறாவளாம். வந்தா ஒனக்குத்தான் மொதல்ல.”

“இந்தத் தெருவுல பாதிக் கடைக்கு நாந்தான் மொத ஆளு. சேசுவே, எத்தன கடையிலதான் மொத ஆளா நிப்பேன்?”

வடிவு சிரித்துக்கொண்டே முனையைச் சுடரில் காட்டினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சுடலைக்கண்ணன், “சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுங்க” என்று கைபேசியில் உற்சாகமாகத் தொடங்கியவர், கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தணிந்து, கடைசியில் வெறுமே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருக்கிறவருக்குத் தலை தெரியாது என்ற நினைப்புக்கூட இல்லை. பிறகு எழுந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

வெயில் சாய்ந்த பிறகு திரும்பிவந்தார். கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“ஏங்க, அதக் கழத்துங்க. என்ன சொல்லுதாவ?”

“மதுரைக்காரருக்குக் குடுத்த நம்ம செக்கு திரும்பிட்டு, வடிவு. கணக்குல ஒண்ணும் இல்லயாம்.” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. “நாம குடுக்காத செக்கு ஒண்ணு போயிருக்கு. வடக்க எங்கனயோ ஒரு பேங்குல போட்டு, அன்னைக்கே தொடச்சு எடுத்துட்டான்.”

“மெசேஜு வரலியா ஒங்களுக்கு?”

“வந்திருக்கு. ஒரு நாளைக்கு நூறு மெசேஜு வருது. எத வாசிக்க?”

வடிவு கல்லா மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். செக் புத்தகம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் கடைசித் தாள் இல்லை. அடியோடு, பிளேடு வைத்து அறுத்ததுபோல் எடுக்கப்பட்டிருந்தது. தேதி தப்பாகிவிட்டதென்று கோடு போட்டு இழுப்பறையில் ஓரமாய்க் கிடந்த கையெழுத்திட்ட செக் ஒன்று இருந்ததே, அதையும் காணவில்லை. அதைப் பார்த்துத்தான் எவனோ எழுதிப் பழகியிருக்கிறான். யார் என்று நினைப்பது? மிதவைக் கம்பெனி விற்பனையாள் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் சித்திரை முழுக்க வந்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அவன் கொடுத்த நம்பரை அழைத்தால் அப்படியொரு எண்ணே இல்லை என்றது.

“பேங்குல புதுசா ஒரு பிள்ள வந்திருக்கு, கிருபைன்னு. அசிஸ்டென்ட் மேனேஜரு. நல்லாத்தான் பேசுச்சு” என்றார் சுடலைக்கண்ணன். “கள்ளக் கையெழுத்துன்னா பேங்கு பணத்தத் திருப்பித் தந்துதான் ஆகணுமாம். கணக்குக்காரங்க போட்ட கையெழுத்துன்னா அவங்களுக்குப் பொறுப்பு இல்லயாம்.”

“பொறவு என்ன? கள்ளக் கையெழுத்துதான?”

“கணக்குக்காரங்கள நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுது.”

“வாரேன்.”

“வந்தா, கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்லும், வடிவு.”

மிச்சக் கயிற்றுக்காகத் திரும்பி வந்திருந்த ஆன்றோ வெளியே நின்றுகொண்டிருந்தான். விஷயம் ஏதோ கெட்டது என்று புரிந்துகொண்டவன்போல், மிச்சக் கயிற்றைத் தானே சுற்றி வைத்துவிட்டு நகர்ந்தான்.

மறுநாள் காலையிலேயே சிவனாண்டி அண்ணாச்சி வந்துவிட்டார். தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர். செல்லத்தாய் மரைன் ஏஜென்சிக்காரர். அவருடைய வருகை துக்கம் விசாரிப்பதற்கும் தீர்ப்புச் சொல்வதற்கும் நடுவில் எப்போதும் இருக்கும். வடிவு கருப்பட்டி போட்ட கடுங்காப்பியை டம்ளரில் ஆற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

“தங்கச்சி, பயப்படாத. வயசாவ ஆவக் கையெழுத்து மாறத்தான செய்யும்? ஊருல உள்ளதுதான். அப்படிச் சொல்லு. இவன் போடுத மாதிரியே நாலு தடவ போட்டுக் காட்டு. களவாணி போட்டதுல எங்கயாவது ஒரு சுழி மாறியிருக்கும், அதப் பிடிச்சுக்கிடலாம். அம்புட்டுதான் காரியம்.”

“இவுக போடுத மாதிரி எனக்குப் போடத் தெரியாதே அண்ணாச்சி.”

“ஒம் பேருதான?”

“பேருதான் எனக்கு. கையெழுத்து இவுகளுக்குல்லா.”

சுடலைக்கண்ணன் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“இங்க பாரு,” என்று சிவனாண்டி குரலைத் தாழ்த்தினார். “இது ஒங்க வீட்டுக் காரியம்னு மட்டும் நெனச்சுராத. புருசன் போட்டதுன்னு ஒரு வார்த்த ஒன் வாயில இருந்து விழுந்து, அந்தப் பிள்ள அத மேல எழுதிப் போட்டுச்சுன்னு வய்யி. நாளைக்கே தெருப் பொம்பளைய அம்புட்டு பேரையும் வரிசையா நிக்க வச்சுக் கையெழுத்துக் கேப்பான். ஒத்து வரலன்னா கணக்க முடக்குவான். தடை நீங்குத நேரத்துல தெருவே ஷட்டர இழுத்துப் போட்டுட்டு உக்காரணும். எங்க வீட்டுல செல்லத்தாய்க்குப் பேனா பிடிக்கவே வராது, தெரியும்லா?”

“வருமே அண்ணாச்சி. மைனி நல்லா எழுதுவாவளே. எங்க வீட்டுச் சடங்குக்குப் பத்திரிகை பூராவும் அவுகதான் பேரு எழுதித் தந்தாவ. முத்து முத்தா இருக்கும்.”

சிவனாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் செய்தி அவருக்குப் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. “அப்படியா?” என்றவர், சிறிது யோசித்துவிட்டு, “அது எதுக்கு இப்பம்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று சுடலைக்கண்ணனிடம், “ஏலே, ராத்திரிக்குள்ள படிச்சுக் குடுத்துரு” என்றார்.

மத்தியானம் கடையின் பின்கட்டில் வடிவு கருவாட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். தடைக்காலத்தில், தடை இல்லாத சிறு வள்ளத்துக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்குத் தங்கம் விலை; தெருவெங்கும் கருவாடும் மாங்காயும்தான் கொதித்தன. பக்கத்துத் தார்ப்பாய்க் கடைப் பேச்சிச்செல்வி கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து படியில் உட்கார்ந்தாள். குழம்பு கேட்கும் சாக்கு. வந்ததன் காரணம் வேறு.

“ஏளா வடிவு, நாளைக்குப் பேங்குக்குப் போறியாமே?”

“போகணும்.”

“எங்க வீட்டுக்காரரு நேத்துலருந்து சோறு திங்கல்ல. ‘வடிவு என்ன சொல்லுவா, வடிவு என்ன சொல்லுவா’ன்னு அதே புலப்பம். என்னத்துக்குப் பயப்படுதிய, நம்ம செக்கு ஒண்ணும் களவு போகலையேன்னேன். பேசாம இருன்னுட்டாரு.” பேச்சிச்செல்வி கிண்ணத்தை நீட்டினாள். “எம் பேருல எத்தன கணக்கு இருக்குன்னு எனக்கே தெரியாது, கேட்டுக்கோ. ரேசன் கடையில வெரல் வச்சா, ‘ஒங்க ரேகை விழல, நீங்க யாரு?’ங்கான். பேங்குல எம் முகத்தவே பாக்காம, அதே பேருக்கு லச்ச லச்சமாக் குடுக்கான். எந்த ஊரு நியாயம்ளா இது?”

“உப்புப் போதுமா பாரு.”

பேச்சிச்செல்வி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். “போதும். ஏளா… நீ ஒண்ணும் சொல்லிராத, என்ன? நம்ம சொல்லி என்ன ஆகப் போகுது?” என்றாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். “ஆனா வீடு போயிருமோ?”

“சரக்கு வராட்டா ஆன்றோ வேற கடைக்குப் போயிருவான். ஒருத்தன் போனா எல்லாவனும் போயிருவான். கடன் மட்டும் போகாது. வீடுதான் போகும்.”

சொன்ன பிறகுதான், இரவு முழுக்கத் தனக்குள் ஓடியதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம் என்பது வடிவுக்கு உறைத்தது. அடுப்பைக் குறைத்தாள்.

கடையடைத்து, விளக்கேற்றியபின் வீட்டில் பாடம் தொடங்கியது. சுடலைக்கண்ணன் பழைய மாதக் காலண்டரின் தாள்களைக் கிழித்துப் பின்புறம் வெள்ளையாக மேசையில் விரித்தார். ஒரு நீலப் பேனாவை அவளிடம் கொடுத்தார். எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு பொட்டலம் வாங்கி வந்திருந்தார், இருவரும் பிரிக்கவில்லை. எண்ணெய் காகிதத்தில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

“மொதல்ல நீயாப் போடு பாப்போம்.”

வடிவு எழுதினாள். அருணாசலவடிவு. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்றாலும் எழுத்து உருண்டு திரண்டு ஒன்றையொன்று தொடாமல் நின்றது.

“இது பள்ளிக்கூடத்துப் பிள்ள எழுதுத மாதிரில்லா இருக்கு. கையெழுத்துன்னா ஓடணும்ளா. இங்க பாரு.” அவர் வாங்கி ஒரே மூச்சில் இழுத்தார். முதல் அகரத்தின் வால் கீழே சுழன்று, மேலெழுந்து, மற்ற எழுத்துகளைச் சரம்போல் கோத்து, கடைசி வுகரத்தில் துள்ளி, அடியில் ஒரு கோட்டோடு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தன் பெயரை ஒருவர் இத்தனை லாகவமாக எழுதுவதைப் பார்க்கையில் வடிவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

“எம் பேர எனக்கே படிச்சுக் குடுக்கியளோ?”

“வெளையாடாத. போடு.”

போட்டாள். வளைந்தது. மறுபடி போட்டாள். “வாலு நீளம்.” மறுபடி. “அமுக்காத. கயித்த அறுக்க மாதிரி அமுக்குத.” மறுபடி. நான்கைந்து தாள்கள் தீர்ந்தபின், அவருடைய மாதிரியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அவள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதுல ‘ச’ எங்க?”

“எது?”

“அருணாசலம்லா? இங்க ‘ணா’வுக்குப் பொறவு ‘ல’தான் இருக்கு. அருணால வடிவு.”

சுடலைக்கண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். “வேகத்துல முழுங்கியிருப்பேன்” என்றார். பிறகு கைபேசியை எடுத்தார். வங்கியில் கிருபை காட்டிய பழைய செக்குகளைப் படமெடுத்து வைத்திருந்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். போன வருஷத்துச் செக்கில் சகரம் இல்லை. அதற்கு முந்தியதிலும் இல்லை. கடைசிப் படம் களவு போன செக்குடையது. அதிலும் இல்லை.

“கள்ளனும் முழுங்கியிருக்கான்” என்றார் மெதுவாக.

“கள்ளன் படிச்சத ஒழுங்காத்தான் எழுதியிருக்கான். வாத்தியாருதான் சரியில்ல.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வடிவு, நான் போட்டேன்னு சொல்லிட்டா, எம் பேரையும் அவன் பேரு பக்கத்துலதான் எழுதுவாவ. அவனும் ஒம் பேரப் போட்டான், நானும் போட்டேன். பேப்பர்ல பாக்கவனுக்கு ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? ஏற்கெனவே அந்தக் கூட்டுக் கேசுல கோர்ட்டுப் படி ஏறி எறங்குனது போதாதா?” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த அதே அந்நியக் குரல்.

அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் பெயரை எழுதி வாங்கிய கடன்கள் எல்லாம் இந்த வீட்டுக்குள்தான் வந்தன. கேட்டிருந்தால் அவளும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை என்பது மட்டும்தான்.

“உக்காருங்க. பரோட்டாவப் பிரிங்க. நான் எழுதுதேன்” என்றாள்.

எழுதினாள். அருணாலவடிவு. அருணாலவடிவு. இந்தப் பெயரில் ஒருத்தி இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கடன் வாங்கியிருக்கிறாள், வீட்டை அடகு வைத்திருக்கிறாள், மதுரைக்காரரிடம் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள், இப்போது மொத்தத்தையும் பறிகொடுத்தும் இருக்கிறாள். கயிறு வெட்டுகிற தனக்கும் அவளுக்கும் இன்றுதான் அறிமுகம். தாள் நிறைந்தபோது கை கொஞ்சம் ஓடத் தொடங்கியிருந்தது. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

மறுநாள் வங்கியில் கூட்டம். பென்ஷன்காரர்கள், தடைக்கால நிவாரணம் வந்துவிட்டதா என்று பார்க்க வந்த கடற்கரைப் பெண்கள், டோக்கன் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் ஒரு பெரியவர். சிவனாண்டி முன்னதாகவே வந்து, பாஸ்புக் பதியும் இயந்திரத்தின் அருகே, வேறு வேலையாக வந்தவர்போல் நின்றிருந்தார். பேச்சிச்செல்வியின் புருஷனும் ஓரமாக நின்றார். ஏசிக் குளிர் வடிவின் கழுத்தில் ஊசிபோல் இறங்கியது. அந்தக் கட்டடத்துக்குள் அவள் வருவது கணக்குத் தொடங்கிய நாளுக்குப் பிறகு இதுவே முதல் தடவை.

கிருபைக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு. எழுந்து நாற்காலியைக் காட்டி, “உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கியளா?” என்றாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். “வழக்கமாப் போடுத மாதிரி நாலு தடவ போடுங்க.”

வழக்கமாக. வடிவு பேனாவை எடுத்தாள். சுடலைக்கண்ணன் அருகே உட்கார்ந்து, எழுதுவது தாம்தான் என்பதுபோல் வலது கைவிரல்களை முழங்காலின்மேல் அசைத்துக்கொண்டிருந்தார். முதல் கையெழுத்து ஓரளவு ஓடியது. இரண்டாவதில் வால் முறிந்தது. மூன்றாவதில் சகரம் வந்துவிடப் பார்த்தது. அடக்கினாள், அந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு நின்றது. நான்காவதைப் போட்டபோது உள்ளங்கை வேர்த்துத் தாள் ஒட்டியது.

கிருபை அதை வாங்கிக் கணினித் திரைக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“பாருங்கம்மா. இது கணக்குத் தொறந்த அன்னைக்கு நீங்க போட்ட மாதிரிக் கையெழுத்து. முழுப் பேரு, தெளிவா இருக்கு. இதெல்லாம் பொறவு வந்த செக்கு. இது களவு போச்சுன்னு சொல்லுத செக்கு. இது இப்பம் போட்டது.” பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். “களவு போன செக்கு, பழைய செக்கோட அப்படியே ஒத்துப்போகுது. ஒத்துப்போகாதது எதுன்னா, இப்பம் நீங்க போட்டதுதான்.”

“அவளுக்குச் சுகரும்மா, கை நடுங்கும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிவனாண்டி எப்போது இத்தனை அருகே வந்தார் என்று தெரியவில்லை.

“சார், நீங்க யாரு?”

“நான் சங்கத் தலைவரு.”

“இந்தக் கணக்குல ஒங்க பேரு இல்லையே, சார்.”

“எந்தக் கணக்குலயும்தான் எம் பேரு இல்ல!” என்றார் சிவனாண்டி, கோபத்தில்.

டோக்கன் பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு வரிசையில் இரண்டு மூன்று பேர். சிவனாண்டி சிரித்தவர்களை முறைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். கிருபை சிரிக்கவில்லை. குரலைத் தணித்தாள்.

“அம்மா, நான் பாக்கத ஒங்களுக்கு அப்படியே சொல்லிருதேன். பழைய செக்கெல்லாம் நீங்க போட்டதுதான்னா, இதையும் நீங்க போட்டதுன்னுதான் மேல இருக்கவங்க முடிவு பண்ணுவாங்க. பேங்குக்குப் பொறுப்பு இல்லன்னு கோரிக்கைய முடிச்சிருவாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பழைய செக்குகள் எல்லாம் நீங்கதானா போட்டது?”

சுடலைக்கண்ணனின் விரல்கள் முழங்காலின்மேல் நின்றுவிட்டன. பாஸ்புக் இயந்திரம் கிறுகிறுத்து ஒரு வரியைப் பதித்து ஓய்ந்தது. ஆமாம் என்றால் வீடு போகும். இல்லை என்றால் இவர் என்ன ஆவார், தெரு என்ன ஆகும்? வடிவு புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ‘சொல்லாதே’ என்று தலையாட்டவும் இல்லை. அவருடைய கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அந்த நரம்பைப் பார்த்தபடியே அவள் பேசத் தொடங்கினாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். தராசுக்குப் பின்னால் நின்று தெருவுக்குக் கேட்கும்படி பேசியே பழகிய தொண்டை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

“இல்லம்மா. மொத நாளு போட்டது ஒண்ணுதான் நான் போட்டது. பொறவு வந்த செக்கு பூராவும் இவுக போட்டது.”

“ஏளா வடிவு!” என்றார் சிவனாண்டி.

“எனக்குத் தெரியும். எங்க தெருவுக்கே தெரியும். ஒங்களுக்கு முன்னால இந்த நாக்காலியில இருந்தவுகளுக்கும் தெரியும். யாரும் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. இப்பம் சொல்லுதேன்.”

கவுன்ட்டர்களில் பணம் எண்ணிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சிச்செல்வியின் புருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கிருபை பேனாவைக் கீழே வைத்தாள்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இத நான் எழுதிட்டா சார் மேலயும் கேள்வி வரும். களவாணி போட்டதும் கள்ளக் கையெழுத்து, சார் போட்டதும் கள்ளக் கையெழுத்துன்னு ஆயிரும்.”

“கேள்வி வரட்டும், பதில் சொல்லுவாவ. நானும் கூட நிப்பேன்.” வடிவு தான் எழுதிய வெள்ளைத்தாளை எடுத்து நாலாய் மடித்தாள். “ரெண்டும் ஒண்ணு இல்ல தாயி. இவுக எழுதுனதுக்கு எனக்குச் சம்மதம் உண்டு. அவன் எழுதுனதுக்குச் சம்மதம் இல்ல. அது கையெழுத்தப் பாத்தாத் தெரியாது, எங்கிட்டக் கேட்டாத்தான் தெரியும். இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேட்டிருக்கிய. எழுதிக்கோங்க.”